சுஜா வீட்டுக் காற்று

பரசுராமனை எங்கள் பக்கத்தில் யாரும் புரமோட்டர் என்று கூப்பிடுவதில்லை. 'பரசுராமன், பில்டர் அண்ட் புரமோட்டர்' என்று தங்க எழுத்தில் விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறார். அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்போ வேலைய எப்ப ஆரம்பிக்கலாம் மேஸ்திரி?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. மேஸ்திரி என்ற பேர் போய்விட்டால் கல் இறக்குகிறவன்கூட மதிக்க மாட்டான் என்பார்.

நான் யாசின். தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே உட்கார்ந்து வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார், படம் என்னுடையது. மேஸ்திரி கட்டிய எல்லாக் கட்டடத்துக்கும் நான்தான் வரைந்தேன். ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் நாங்கள். அவர் மனைவி சுஜா என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். மேஸ்திரியின் கதையைச் சொல் என்றால் அவளை விட்டுவிட்டு எனக்குச் சொல்லத் தெரியாது.

புளியந்தோப்பில் அவர்கள் இருக்கும் வீடு மேஸ்திரியின் அப்பா விட்டுப்போனது. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, மாடியில் ஒரு தகரக் கொட்டகை. கல்யாணமாகி சுஜா அங்கே வந்தபோது அந்த அறைக்குக் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று அந்த வழியாக வரும். கடல் எங்கே, புளியந்தோப்பு எங்கே என்று கேட்காதீர்கள். அப்போது நடுவில் இவ்வளவு மாடிகள் கிடையாது. ராயபுரத்தில் கரையேறும் காற்று வழியில் நாலு ஓட்டு வீட்டைத் தடவிக்கொண்டு நேராக வந்து சேர்ந்துவிடும். அந்த ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்துத்தான் சுஜா தன் மகள் சங்கமித்ராவைத் தூங்க வைத்தாள். தானும் பக்கத்திலேயே தூங்கிப்போவாள்.

பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று மாடி எழுப்பும் ஆசை வந்தது. அந்த வேலையை யாரிடம் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் மேஸ்திரியிடம்தான். அவர் தனியாக எடுத்துச் செய்த முதல் காண்ட்ராக்ட் அது. ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில் சுவர். கொத்தனார் வராத நாட்களில் மேஸ்திரியே கரண்டியை எடுத்து, வரிசை வரிசையாக, தன் வீட்டு ஜன்னலைத் தானே அடைத்தார். "அவன் எடத்துல அவன் கட்றான் பாய். நான் கட்டலன்னா இன்னொருத்தன் கட்டிட்டுப் போறான்" என்றார் என்னிடம். நியாயம் சரிதான். ஆனால் அந்த நியாயத்தை வீட்டுக்குள் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சுஜா சண்டை போடவில்லை. பூச்சு வேலை முடிந்த அன்று ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள்.

"இனிமே இத்தத் தொறந்து இன்னா பாக்கப்போறேன்? சிமிட்டி வாசனதான் வருது" என்றாள்.

அன்றைக்கு மேஸ்திரி ஒரு வாக்குக் கொடுத்தார். "கடக்காத்து வர்ற மாரி ஒனக்கு ஒரு வூடு கட்டித் தரேன். நீ பாத்துக்கினே இரு."

அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி ஓசூர் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் துணி காயாது. மாடித் தகரத்தில் போட்டால் வெந்துபோகும், உள்ளே போட்டால் ஊறிப்போகும். மழைக்காலத்தில் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தால் சட்டையிலிருந்து ஈர வாடை அடிக்கும். நான் கிண்டல் செய்தால் சுஜாவுக்கு முகம் சுருங்கிவிடும் என்பதால் அவள் எதிரில் மட்டும் கிண்டல் செய்ய மாட்டேன்.

மேஸ்திரி புரமோட்டர் ஆனதே அந்த வாக்கினால்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்துச் சின்ன புரமோட்டருக்குக் கையில் முதல் கிடையாது. நிலம் வைத்திருப்பவர் நிலத்தைக் கொடுப்பார், இவர் கட்டுவார், வருகிற வீடுகளில் ஆளுக்குப் பாதி. தன் பாதியை விற்றுத்தான் இவர் சிமெண்டுக்கும் கம்பிக்கும் பதில் சொல்ல வேண்டும். மேஸ்திரி ஒவ்வொரு கட்டடத்திலும் தன் பாதியில் ஒரு வீட்டை, கிழக்கு பார்த்ததாக, விற்காமல் பிடித்து வைப்பார். சைட்டில் அதற்குப் பெயரே சுஜா வீடுதான். "சுஜாக்கா வூட்ல டைல்ஸ் ஒட்டியாச்சு" என்று ஆட்கள் சொல்வார்கள். அந்த வீட்டில் குடியிருக்கப்போகிற சுஜா, கட்டடம் பாதியில் நிற்கும்போதே ஒரு துண்டோடு வந்துவிடுவாள். தொட்டித் தண்ணீரில் துண்டை முக்கிப் பிழிந்து, கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டி அதில் தொங்கவிடுவாள். சித்தாள் பெண்களோடு உட்கார்ந்து டீ குடித்து ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள். துண்டு காய்ந்திருந்தால் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

கொருக்குப்பேட்டையில் ஒன்று, தண்டையார்பேட்டையில் இரண்டு, ராயபுரத்தில் ஒன்று, அங்கங்கே இன்னும் மூன்று என்று ஏழு கட்டடங்கள் எழுந்தன. ஏழிலும் சுஜா வீடு இருந்தது. ஏழும் கைவிட்டுப் போயின. ஒரு தடவை கம்பி விலை ஏறியது, ஒரு தடவை வெள்ளம் வந்து கீழே வைத்திருந்த சிமெண்டு மூட்டையெல்லாம் கல்லாகிப் போனது, ஒரு தடவை நிலத்துக்காரரின் தம்பி கோர்ட்டுக்குப் போனார். கஷ்டம் வந்தால் கையில் மிஞ்சியிருப்பதைத்தானே விற்க வேண்டும்? மிஞ்சியிருப்பது எப்போதும் இருப்பதிலேயே நல்ல வீடாக இருக்கும். அதனால் சட்டென்று விற்றும் போகும். சாவி கைமாறும் அன்று சுஜா சைட்டுக்கு வரமாட்டாள்.

எனக்கு இந்தத் தொழிலில் ஒரு கோபம் உண்டு. பிளான் போட்டால் தண்ணீர் எங்கிருந்து வரும், சாக்கடை எங்கே போகும், வண்டி எங்கே நிற்கும் என்று எல்லாவற்றுக்கும் கோடு கேட்பார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, இதைக் கட்டிய பிறகு யாருக்கு வராமல் போகும் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. தேர் பார்க்கும் கூட்டத்தில் முன்னால் நிற்பவன் பிள்ளையைத் தோளில் ஏற்றினால் பின்னால் இருப்பவனுக்குத் தேர் தெரியாது. எங்கள் ஊரில் மாடிகள் அப்படித்தான் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு எழுந்தன. எங்கே சுவர் வரும், எங்கே இடைவெளி விடலாம் என்று கடைசியில் முடிவு செய்பவர் புரமோட்டர்தான். பாதிப் பேருக்கு அது தன் கையில் இருப்பதே தெரியாது. மீதிப் பாதிப் பேர் நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய பலகை வைத்து, அதில் ஒரு பச்சை இலையை வரைந்து, பசுமை வீடுகள் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு கட்டடம் எங்கள் வழியில் இருக்கிறது. அதன் பின்பக்கம் போய் நின்றால் வரிசையாக ஏசி இயந்திரங்கள் ஊதும் சூட்டில் நம் புருவம் கருகிவிடும். இலை மட்டும் வாடாமல் இருக்கிறது.

எட்டாவது கட்டடம் திருவொற்றியூரில் வந்தது. தேரடிக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கவாட்டில் போகும் ஒரு தெரு. நிலத்துக்காரர் பெயர் லட்சுமணன், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீளமான, குறுகலான மனை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டி நின்றன. எதிரில் மட்டும் தாழ்வான மீனவர் வீடுகள். அதைத் தாண்டினால் சாலை, கொட்டிய பாறைகள், கடல். அந்தப் பக்கத்தில் விடியற்காலையில் மேற்கே மணலி ஆலைகளிலிருந்து ஒரு வாடை வரும். தொண்டையில் போய் உட்காரும். பொழுது ஏறியதும் கடல் காற்று எழுந்து அதை வந்த வழியே திருப்பி அனுப்பும். அங்கே உள்ளவர்கள் காலையில் மேற்கு ஜன்னலைச் சாத்துவார்கள், மத்தியானம் கிழக்கு ஜன்னலைத் திறப்பார்கள். சோறு தின்பது மாதிரி அது அவர்களுக்குப் பழக்கம்.

இந்தக் கட்டடத்தில் மேஸ்திரிக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. இடித்த பழைய வீட்டின் கல்லையும் காரையையும் லாரியில் ஏற்றி ஏரியில் கொட்ட விடாமல், உடைத்து அடித்தளத்திலேயே போட்டு நிரப்பினார். ஆழமாக போர்வெல் போடலாம் என்று லட்சுமணன் சொன்னதற்கு, "ஆயமா போட்டா கடல இஸ்துகினு வரும் சார். அப்பால தெருவே உப்பத்தான் குடிக்கணும்" என்று மறுத்து, மொட்டை மாடியில் விழும் மழையெல்லாம் ஒரு தொட்டிக்கு வரும்படி குழாய் வைத்தார். மாடித் தரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடு. சுவருக்கு எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் அறுத்த கல்.

"அந்தச் சாம்பல்ல கட்றதுக்கு ஒனக்கு மனசு வருதா மேஸ்திரி?" என்று நான் கேட்டேன். எண்ணூரில் அந்தச் சாம்பல் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"பறந்துகினு கீற வரைக்கும்தான் பாய் அது நெஞ்சுல பூரும். கல்லாக்கி செவுத்துல வெச்சு மேல பூசிட்டா எங்க போவும்? நம்ம தலமொற வரைக்குமாவது அடங்கிக் கெடக்கும்ல?"

மூன்று மாடி, மாடிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வீடு. நடுவில் படிக்கட்டும், வானம் பார்த்த ஒரு திறப்பும். சின்னதாக விட்டால் போதும் என்று விதி சொன்ன அந்தத் திறப்பை மேஸ்திரி இரண்டு மடங்கு அகலமாக்கச் சொன்னார். பின் வீடுகளுக்குக் காற்று அதிலிருந்து இறங்கிவிடும் என்று அவர் நம்பினார், நானும் நம்பித்தான் வரைந்தேன். இரண்டாம் மாடி முன் வீடு, கிழக்கு பார்த்தது, சுஜாவுக்கு. மேஸ்திரியின் பங்கில் மற்ற இரண்டும் விற்பனைக்கு. இந்தத் தடவை கடன் இல்லை, கோர்ட் இல்லை, வெள்ளமும் வரவில்லை. மேஸ்திரிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் வலியில் படியேறும்போது சுவரைப் பிடிப்பார். இனி ஒரு கட்டடம் எடுக்க அவர் உடம்பு இடம் தராது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் தூணும் தளமும் முதலில் எழும்பும், சுவர் பிறகுதான் வரும். சுவர் இல்லாமல் வெறும் தூண்களாகக் கட்டடம் நிற்கும் அந்தச் சில வாரங்களில்தான் புரமோட்டர்கள் வாங்குகிறவர்களைக் கூட்டி வருவார்கள். அப்போது எந்த மனையும் மைதானம் மாதிரி பெரிதாகத் தெரியும். அப்படி ஒரு மத்தியானம் ரேச்சல் என்ற பெண் இரண்டாம் மாடிப் பின் வீட்டைப் பார்க்க வந்தாள். ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவு டியூட்டி, பகலில் தூக்கம். இருந்த வாடகை வீட்டில் பகலில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிப் பல வருஷம் ஆகிறது என்றாள். கடல் காற்று முன்பக்கம் நுழைந்து தூண்களுக்கு நடுவே ஓடிவந்து அவள் சேலைத் தலைப்பை மேற்கே பறக்கவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ஏசில படுத்தா எனக்கு ஒடம்பெல்லாம் புடிச்சிக்கும் மேஸ்திரி. இந்தக் காத்து போதும் எனக்கு. இது எப்பவும் இருக்கும்ல?"

"இருக்கும்மா. கடல் எங்க போவப்போவுது?" என்றார் மேஸ்திரி.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் காற்று அங்கே இருந்தது. ரேச்சல் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தாள்.

முதலில் எழும்பியது சுஜா வீட்டுச் சுவர்தான். அவள் தினமும் வந்தாள். சமையல் மேடை தன் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும் என்றாள், எழுப்பிய மேடையைத் தட்டச் சொல்லி மறுபடி கட்ட வைத்தாள். ஹாலில் ஜன்னல் இவ்வளவு பெரிதா என்று ஆசாரி கேட்டதற்கு, "நான் கேக்குறத செய்யி நைனா, நான் இருவது வருசமா ஜன்னலே இல்லாம கீறேன்" என்றாள். இன்னும் கதவு மாட்டாத அறையில், சிமெண்டுத் தரையில், ஜன்னலுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, இங்கே கட்டில் வேண்டாம், பாய்தான், என்று எங்களிடம் சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. இளம் பெண் மாதிரி இருந்தது அவள் குரல். மேஸ்திரி வெளியே போய் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

அவள் துண்டைத் தொங்கவிட்டாள். நாங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது மொறமொறவென்று காய்ந்து நின்றது. சும்மா இருந்திருக்கலாம். பழக்க தோஷம், அதையே மறுபடி நனைத்துப் பின் வீட்டில் கொண்டுபோய்க் கட்டினாள். அங்கேயும் அப்போது சுவர் எழுந்திருந்தது. நான் நடுத் திறப்பை அளந்துகொண்டு படிக்கட்டில் நின்றிருந்தேன். வெகு நேரம் கழித்து அவள் வந்து துண்டைத் தொட்டாள். பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. ஒரு முறை சுற்றிலும் பார்த்தாள். தன் வீட்டுப் பின்சுவரை, அது எழுந்து நின்ற இடத்தை, நிமிர்ந்து பார்த்தாள். பிறகு துண்டைச் சுருட்டிக் கூடையில் போட்டாள்.

"மய வர்ற மாரி கீதுல்ல யாசின்ணே? அதான் காயல" என்றாள்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆமாம் என்று நான் தலையாட்டினேன். அவளுடைய ஆசையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் வேறென்ன செய்வான்?

அடுத்த வாரம் ரேச்சல் ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்க வந்தாள். உள்ளே போனவள் அறைக்கு அறை நடந்தாள். போன தடவை நின்ற இடத்தைத் தேடிப் பிடித்து, அதே மாதிரி கிழக்கே பார்த்து நின்றாள். அவள் எதிரில் இப்போது சாம்பல் கல் சுவர். சேலைத் தலைப்பு அசையவில்லை. சட்டை காலரில் எனக்கு வேர்வை இறங்கியது.

"மேஸ்திரி, அன்னிக்கு வந்த காத்து எங்க?"

மேஸ்திரி நடுத் திறப்பைக் காட்டினார். கதவு மாட்டினால் சரியாகிவிடும் என்றார். மேலே ஒரு ஃபேன் வைத்து இழுக்கலாம் என்றார். மூன்றும் அவருக்கே ருசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ரேச்சல் சண்டைக்காரி இல்லை. "சரி மேஸ்திரி" என்று டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள். அப்போது வாசலில் நின்றிருந்த சுஜா வாயைத் திறந்தாள்.

"எங்க வூட்ல கீதும்மா" என்றாள். "ஒன் காத்து எங்க வூட்ல கீது. வா, வந்து பாரு."

ரேச்சல் போனாள். அந்தப் பெரிய ஜன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி, சுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்குக்கா. நீங்களாவது நல்லா தூங்குங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அதனால்தான் அது சுஜாவைத் தாக்கியது. திட்டியிருந்தால் இவளும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்பாள்.

ரேச்சல் படியிறங்கியதும் சுஜா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"செவுரு எயுப்புறதுக்கு முன்னாடி இன்னாத்துக்குய்யா அந்தப் பொண்ண இட்டாந்து காட்டுன?"

"எல்லாரும் அப்டித்தான் காட்றோம்."

"புளியந்தோப்புல எனக்கு செஞ்ச. இங்க அந்தப் பொண்ணுக்கு செய்யுற. அதுவும் என் பேர்ல செய்யுற."

மேஸ்திரி தரையில் குந்திவிட்டார். இருபது வருஷம் அவள் அந்த ஜன்னலைப் பற்றி அவரைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றுதான் பேசினாள்.

"இன்னா செய்யச் சொல்ற? சொல்லு. இடிக்கச் சொல்றியா?"

"என்னக் கேக்காத" என்றாள் சுஜா. குரல் உடைந்துவிட்டது. "எனக்கு இந்த வூடு வேணும். வேணாம்னு என் வாயால சொல்ல மாட்டேன். நான் ஒன்னும் தியாகி கெடையாது. நீ செய்யுறத நீ செய்யி." கூடையை எடுத்துக்கொண்டு போனவள் அதன் பிறகு சைட்டுக்கு வரவில்லை.

மேஸ்திரி என் ஆபீஸுக்கு வந்தார். சுஜா வீட்டுக்கு நடுவே ஒரு பாதை விட்டால் காற்று பின்னால் போகுமா என்று கேட்டார். வரைந்து காட்டினேன். பாதை போக மிஞ்சியதில் ஒரு பாயைத்தான் விரிக்கலாம். ஜன்னல்களை மாற்றி வரைந்தேன். சுவரை ஒதுக்கி வரைந்தேன். எப்படி வரைந்தாலும் கடைசியில் இரண்டில் ஒன்றுதான் நின்றது: வீடு இருந்தால் காற்று இல்லை, காற்று வேண்டுமென்றால் வீடு இல்லை. மேஸ்திரி என் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"உட்று மேஸ்திரி" என்றேன். "ஊர்ல எவன் காத்துக்குக் கணக்குப் பாக்குறான்? ஒனக்கு மட்டும் இன்னா பேஜாரு? அந்தப் பொண்ணு ஒரு வார்த்த எதுத்துப் பேசல. சுஜாவ குடி வெய்யி."

"வெச்சுடலாம் பாய். அவ அந்த ஜன்னலாண்ட படுப்பா. படுத்தா தூங்குவான்னு நெனக்கிறியா?" என்றார். "பின்னாடி செவுத்துக்கு அந்தாண்ட அந்தப் பொண்ணு நைட்டு டூட்டி முடிச்சிட்டு வந்து பொரண்டுகினு கீறது இவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் அவள. கண்ண மூட மாட்டா." பிளானை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணுக்கு நான் வூட்டக் காட்டல பாய். காத்தத்தான் காட்டுனேன். அத்தப் பாத்துதான் அது வாங்குச்சு."

மறுநாள் அவரே சம்மட்டியை எடுத்தார். ஆட்களைத் தொட விடவில்லை. முழங்கால் வலியோடு, முதலில் பின்சுவர், பிறகு நடுச்சுவர்கள், கடைசியில் அந்தப் பெரிய ஜன்னல். இடுப்பு உயரத்துக்குத் திருப்பிக் கட்டிய சமையல் மேடைக்கு முன்னால் வந்தபோது சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் எதிரிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மேடையையும் இடித்தார்.

இப்போது அந்த இடம் தூண்களும் கைப்பிடிச் சுவருமாகத் திறந்து கிடக்கிறது. கட்டடத்தில் உள்ளவர்களின் பொது இடம் என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டார், நாளைக்கு யாரும் மறுபடி அடைத்துவிடக்கூடாது என்று. மத்தியானம் அதன் வழியாக நுழையும் காற்று ரேச்சல் வீட்டுக்குள் புகுந்து, நடுத் திறப்பில் ஏறி இறங்கி, மேலும் கீழும் உள்ள பின் வீடுகளுக்கும் போகிறது. "ஒரு வூட்டையே காத்துக்கு எய்தி வெச்சிட்டியே மேஸ்திரி!" என்று லட்சுமணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருடைய பின் வீட்டுக்கும் அந்தக் காற்றுதான் போகிறது.

ரேச்சல் பால் காய்ச்சும் நாளுக்குப் புளியந்தோப்புக்கே போய் சுஜாவை அழைத்தாள். வரமாட்டாள் என்றுதான் நானும் மேஸ்திரியும் நினைத்தோம். வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். இரண்டாம் மாடியில் அந்தத் திறந்த இடத்தைப் பார்க்காமல் தாண்டி, நேராக ரேச்சல் வீட்டுக்குள் போனாள். ஜெபம் முடிந்தது, பால் பொங்கியது, எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். உள் அறையில் இன்னும் சாமான் வந்து சேரவில்லை, ஒரு பாய் மட்டும் சுருட்டி வைத்திருந்தது. அப்போதுதான் கடல் காற்று எழுந்தது. சுஜா அந்த அறையின் நடுவில் நின்றாள். காற்று அவள் முகத்தில் பட்டதை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

"ரேச்சலு, கொஞ்ச நேரம் இங்க படுத்துக்கட்டாம்மா?" என்று கேட்டாள்.

ரேச்சல் ஓடிவந்து பாயை விரித்து, தன் சால்வையை மடித்துத் தலைக்கு வைத்தாள். சுஜா ஒருக்களித்துப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்துகொள்ள, கை தரையில் விழுந்து கிடக்க, பெரிய வேலை முடித்துவிட்டு வந்தவள் போல அப்படி ஒரு தூக்கம். மேஸ்திரி வாசல்படியில் காவல் உட்கார்ந்துவிட்டார். சத்தமாகப் பேசியவர்களைக் கையைக் காட்டி அடக்கினார். விருந்துக்கு வந்தவர்கள் குரலைத் தாழ்த்திச் சாப்பிட்டார்கள். சிலர் புறப்பட்டும் போனார்கள். யாரும் அவளை எழுப்பவில்லை. எழுப்ப விட்டிருக்கவும் மாட்டார் அவர்.

பொழுது சாயும் நேரத்தில் அவளாகவே கண் விழித்தாள். எழுந்து உட்கார்ந்து கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, ஹாலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தூக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

"யாருய்யா இவங்கல்லாம், நம்ம வூட்ல?" என்று புருஷனிடம் கேட்டாள்.

ரேச்சல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து போய் அவள் பக்கத்தில் குந்தினார். தோளைத் தொட்டார்.

"ரேச்சல் வூடு சுஜா இது" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "ஆமால்ல" என்றாள். பிறகு எழுந்து பாயைச் சுருட்டி ரேச்சலிடம் கொடுத்து, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி படியிறங்கக் கை கொடுத்தாள். இரண்டு பேரும் பஸ் பிடிக்கத் தேரடிப் பக்கம் நடந்தார்கள்.